அழிக்காமல் விட்ட வரிகள்

மாஸ்டர்கார்ட் நிறுவனத்தின் இணையப் பெயர்களில் ஒரு பகுதிக்கு வழி சொல்ல ஐந்து சர்வர்கள் பட்டியலில் இருந்தன. ஐந்துமே அகமாய் என்ற இணைய உள்கட்டமைப்பு நிறுவனத்துடையவை. ஐந்தின் பெயரும் ‘அகாம் டாட் நெட்’ என்று முடிந்திருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் கடைசி எழுத்து விடுபட்டு ‘அகாம் டாட் என்இ’ என்று பதிவாகியிருந்தது. என்இ என்பது மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜருக்கு உரிய இணையக் குறி. 2020 ஜூன் இறுதியிலிருந்து 2025 ஜனவரி நடுப்பகுதி வரை, ஏறக்குறைய நாலரை ஆண்டுகள், அந்த வரி அப்படியே கிடந்தது. அதைக் கண்டுபிடித்த பிலிப் கட்டுரெக்லி என்ற பாதுகாப்பு ஆய்வாளர், நைஜரின் பதிவகத்தில் 300 டாலர் செலவழித்து அந்தப் பெயரைத் தானே வாங்கினார். அதன்பின் ஒரு சர்வரை இயக்கிப் பார்த்தபோது, உலகின் பல மூலைகளிலிருந்தும் நாளொன்றுக்கு லட்சக்கணக்கான கேள்விகள் அதற்கு வந்தன. இதே எழுத்துப்பிழையைச் செய்தவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். அவர்களில் பெரிய நிறுவனம் மாஸ்டர்கார்ட். தங்கள் அமைப்புகளுக்கு ஆபத்து எதுவும் இருக்கவில்லை, பிழை திருத்தப்பட்டுவிட்டது என்று நிறுவனம் சொல்லி முடித்துக்கொண்டது. இத்தனை காலம் யார் கண்ணிலும் படாததற்குக் காரணம் எளிது. மற்ற நான்கு சர்வர்கள் சரியாக வழி சொல்லிக்கொண்டிருந்தன.

இணையப் பெயர் ஒன்றைத் தட்டி, எதிர்பார்த்த தளத்துக்குப் பதில் வேறெதுவோ வந்து நின்றால், ‘ஹேக் பண்ணிவிட்டார்கள்’ என்பதுதான் நம் வாயில் முதலில் வரும். சில சமயம் அது உண்மையும்கூட. ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளில் இப்படித் திசைமாறிய பெரிய சம்பவங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் என்ற ஏற்பாடே உடைந்துபோய் நடந்தவை குறைவு. பெரும்பாலானவற்றில் அது தன் வேலையை ஒழுங்காகவே செய்திருக்கிறது. எழுதி வைத்ததை எழுதியபடி வாசித்திருக்கிறது. எழுதப்பட்டதே தவறாக இருந்திருக்கும். அல்லது எழுதக் கூடாதவர் எழுதியிருப்பார். அல்லது என்றோ சரியாக இருந்த ஒரு வரியை யாரும் அழிக்காமல் விட்டிருப்பார்கள். இந்த மூன்றாவது வகைக்குக் கிடைக்கும் கவனம் மிகக் குறைவு. என் கணிப்பில் மூன்றிலும் ஆபத்தானது அதுதான்.

1983 வரை இந்தச் சிக்கலின் உருவம் வேறு. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினி சேர்ந்தால் அவர்களிடம் சொல்ல வேண்டும். அவர்கள் கோப்பில் சேர்ப்பார்கள். மற்றவர்கள் பிரதி எடுத்துக்கொள்வார்கள். யார் எழுதுவது என்பதில் குழப்பமே இல்லை. ஆனால் வலை வளர வளர ஓர் அலுவலகத்தால் அந்தச் சுமையைத் தாங்க முடியவில்லை. ஜான் போஸ்டல் கேட்டுக்கொண்டபடி, தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையத்தில் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த மாற்று ஏற்பாடுதான் டிஎன்எஸ். அதன் அடிப்படை அதிகாரப் பகிர்வு. உச்சியில் 13 பெயர்களில் இயங்கும் ரூட் சர்வர்களுக்கு உங்கள் வங்கியின் முகவரி தெரியாது. டாட் காம், டாட் இன் போன்றவற்றுக்குப் பொறுப்பு யார் என்பது மட்டும் தெரியும். டாட் காம் பதிவகம் அடுத்த படியைக் காட்டும்: இந்தப் பெயருக்குரிய நேம் சர்வர் இன்னது. அந்த நேம் சர்வர்தான் கடைசியில் ஐபி எண்ணைத் தரும். இத்தனை பேரையும் நமக்காகக் கேட்டு வருவது நம் இணைய சேவை நிறுவனத்தின் சர்வர், அல்லது கூகுள், கிளவுட்ஃபிளேர் போன்றவர்கள் நடத்தும் பொதுச் சர்வர். ஆக, ஒரு பெயர் சரியான இடம் சேர, தனித்தனியே இயங்கும் நான்கைந்து அமைப்புகளின் பதிவுகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். மொத்தத்தையும் ஒரே பார்வையில் சரிபார்க்கும் வேலை யாருக்கும் தரப்படவில்லை. அப்படி ஒருவர் தேவைப்படக் கூடாது என்பதுதான் இந்த வடிவமைப்பின் நோக்கமே.

எழுதும்போதே நேரும் பிழைக்கு ஸ்வீடனைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. 2009 அக்டோபர் 12 அன்று டாட் எஸ்இ பதிவகம் வெளியிட்ட கோப்பில் பெயர்களின் இறுதியில் இருக்க வேண்டிய ஒரு புள்ளி இல்லை. டிஎன்எஸ் கோப்பில் அந்தப் புள்ளி ‘பெயர் இத்தோடு முடிந்தது’ என்று பொருள்படும். அது இல்லையென்றால் மென்பொருள் பின்னால் இன்னொரு எஸ்இ-யைத் தானாக ஒட்டிக்கொள்ளும். ஒரு நாட்டின் சுமார் ஒன்பது லட்சம் பெயர்கள் இல்லாத ஊருக்கு வழி கேட்கத் தொடங்கின. பதிவகம் விரைவாகவே கோப்பைத் திருத்திவிட்டது. ஆனால் தொல்லை உடனே தீரவில்லை. ஒருமுறை கேட்ட பதிலைச் சர்வர்கள் கேஷில் வைத்துக்கொள்ளும். எத்தனை வினாடி வைக்கலாம் என்பது அந்தப் பதிலிலேயே எழுதியிருக்கும். 86,400 என்று இருந்தால் ஒரு முழு நாள். மூலத்தில் பிழை போன பிறகும் பிரதிகளில் அது தன் ஆயுளை வாழ்ந்துதான் தீரும். தளத்தை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய கடைக்காரர், ‘எனக்குப் புதுத் தளம் தெரிகிறது, என் மச்சானுக்குப் பழையதே தெரிகிறது’ என்று திகைப்பதும் இதனால்தான். அவரிடம் ‘24 மணி நேரம் ஆகும்’ என்று சொல்கிறார்கள். முந்தின நாளே அந்த வினாடி எண்ணிக்கையை 300-க்குக் குறைத்திருந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்திருக்கும் என்பதைச் சொல்வோர் குறைவு.

எழுதக் கூடாதவர் எழுதிய கதைகள் இன்னும் பழையவை. 1995-ல் ஸ்டீபன் கோஹன் என்பவர் செக்ஸ் டாட் காம் என்ற பெயரை அதன் உரிமையாளர் கேரி கிரெமனிடமிருந்து அபகரிக்க ஒரு போலிக் கடிதமே போதுமானதாக இருந்தது. பெயருக்கு உரிய நிறுவனம் அதைக் கைவிட்டுக் கோஹனுக்கு மாற்றித் தந்துவிட்டதாகக் கடிதம் சொன்னது. எங்களுக்கு நேரடி இணைய இணைப்பு இல்லாததால் இந்தக் கடிதத்தையே ஏற்றுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னது. அந்த நிறுவனத்தின் பெயர் ‘ஆன்லைன் கிளாசிஃபைட்ஸ்’. பெயர்ப்பதிவை நடத்திய நெட்வொர்க் சொல்யூஷன்ஸில் இதைப் படித்தவருக்குச் சிரிப்பு வரவில்லை போலும். பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கிரெமனுக்கு 6.5 கோடி டாலர் தரச் சொல்லி நீதிமன்றத் தீர்ப்பு வர 2001 ஆயிற்று. கடிதத்தின் இடத்தைப் பின்னாளில் கடவுச்சொல் பிடித்துக்கொண்டது. 2013 ஆகஸ்ட் 27 அன்று நியூயார்க் டைம்ஸ் தளத்தைச் சிரியன் எலெக்ட்ரானிக் ஆர்மி என்ற ஹேக்கர் குழு திருப்பிவிட்டபோது, நாளிதழின் சர்வர்களை யாரும் தொடவில்லை. அதன் பெயரைப் பதிந்திருந்த மெல்பர்ன் ஐடி என்ற ஆஸ்திரேலிய நிறுவனத்தின் முகவர் ஒருவரின் கணக்கு, ஏமாற்று மின்னஞ்சல் வழியே எதிராளிகள் கைக்குப் போயிருந்தது. அதே கணக்கில் இருந்த வேறு சில பெயர்கள் தப்பின. பதிவக மட்டத்தில் கூடுதல் பூட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். கையால் உறுதிசெய்யாமல் மாற்ற முடியாது.

இலங்கையிலும் இது நடந்தது. 2021 பிப்ரவரி 6, அந்நாட்டின் சுதந்திர தினத்துக்கு இரண்டாம் நாள், டாட் எல்கே பெயர்கள் சில திசைமாறின. கூகுளின் இலங்கை முகவரியைத் தட்டியவர்களுக்குத் தேயிலைத் தொழிலின் நிலை, பத்திரிகைச் சுதந்திரம், ஊழல், சிறுபான்மையினர் பிரச்சினை ஆகியவற்றைப் பேசும் ஒரு பக்கம் வந்தது. இந்தக் குறைகளைச் சொல்ல யாரோ தேர்ந்தெடுத்த வழி அது. வழியின் நியாயம் தனி விவாதம். இங்கே பார்க்க வேண்டியது, கூகுள் போன்ற நிறுவனம் தன் பாதுகாப்புக்கு எவ்வளவு செலவழித்தாலும், தன் பெயருக்கு மேல்படியில் இருக்கும் ஒரு சிறு நாட்டின் பதிவகம் எவ்வளவு உறுதியோ அவ்வளவே அந்தப் பெயருக்கும் உறுதி என்பதைத்தான்.

இனி அழிக்காமல் விட்ட வரிகள். நிலத்தை விற்ற பின்பும் பட்டாவில் பழைய பெயரே நிற்பது நம் ஊர்களில் சாதாரணம். வில்லங்கம் என்றோ ஒருநாள் வரும். மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் தளத்தில் அப்படி ஒரு வரி நின்றது. மார்த்தா ஸ்டீவர்ட் பெயரிலான ஒரு பரிசுப் போட்டிக்காக, எம்எஸ்என்னின் துணைப்பெயர் ஒன்று வெளியே தனியாகப் பதிந்த இன்னொரு பெயரைச் சுட்டிக்காட்டும்படி வைத்திருந்தார்கள். போட்டி முடிந்தது, வெளிப்பெயர் 2001-ல் கைவிடப்பட்டது. சுட்டும் வரி மட்டும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அழியாமல் இருந்தது. 2022-ல் யாரோ அந்த வெளிப்பெயரை வாங்கினார்கள். வாங்கிய நொடியிலிருந்து எம்எஸ்என் பெயரில் மின்னஞ்சல் அனுப்பும் தகுதி அவர்களுக்கு வந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் கார்டியோ என்ற பாதுகாப்பு நிறுவனம் இதை வெளிப்படுத்தியபோது, இதே முறையில் 8,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் குப்பை அஞ்சல் அனுப்பப் பயன்பட்டுக்கொண்டிருந்தன. கிளவுட் சேவைகள் வந்த பின் இந்த நோய் பெருகியிருக்கிறது. மாதம் முடிந்ததும் ஒரு சர்வரை விட்டுவிடுகிறோம். அதன் ஐபி எண் அடுத்த வாடிக்கையாளருக்குப் போகிறது. நம் பெயர் இன்னும் அந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கிறது. வாடகைப் பணம் மிச்சமானதைக் கணக்கர் கவனிப்பார். டிஎன்எஸ் வரியைக் கவனிக்க ஆள் இல்லை.

டாட் மோபி விவகாரம் இதன் உச்சம். அந்தப் பதிவகம், பெயர்களின் உரிமையாளர் விவரம் சொல்லும் தன் சர்வரைப் புதுப் பெயருக்கு மாற்றியது. பழைய பெயரை 2023 டிசம்பரில் காலாவதியாக விட்டது. வாட்ச்டவர் என்ற ஆய்வு நிறுவனம் அதை 20 டாலருக்கு வாங்கிச் சர்வர் ஒன்றை வைத்தது. சில நாட்களுக்குள் 1,35,000-க்கும் மேற்பட்ட கணினிகள் 25 லட்சம் முறை அதனிடம் விவரம் கேட்டன. கேட்டவர்களில் அரசு, ராணுவ அஞ்சல் சர்வர்கள் இருந்தன; இணையத் தளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களும் இருந்தன. மைக்ரோசாஃப்டின் டாட் மோபி பெயருக்குச் சான்றிதழ் கேட்டால், உறுதிப்படுத்தும் அஞ்சலை ஆய்வாளர்கள் சொன்ன முகவரிக்கே அனுப்ப ஒரு நிறுவனம் தயாராக இருந்தது. அவர்கள் அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை, எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. கடையில் விற்பனைக்கு இருந்த ஒரு பெயரைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் தொழில்நுட்பத் தீர்வு ஏற்கெனவே இருக்கிறதே என்று துறையில் இருப்பவர்கள் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் உண்டு, ஏனென்றால் டிஎன்எஸ்ஸுக்கு உண்மையான பலவீனமும் இருந்தது. 2008-ல் பாதுகாப்பு ஆய்வாளர் டான் காமின்ஸ்கி அதைக் கண்டார். கேள்விக்கும் பதிலுக்கும் பொருத்தம் பார்க்க உதவும் அடையாள எண் 65,536 சாத்தியங்களுக்குள் அடங்கியது. இல்லாத துணைப்பெயர்களை விதவிதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தால், உண்மைப் பதில் வருமுன் போலிப் பதிலைத் திணிக்கும் வாய்ப்பு ஒவ்வொரு கேள்விக்கும் புதிதாகக் கிடைக்கும். ஒருமுறை எண் பொருந்திவிட்டால் அந்தச் சர்வரை நம்பும் அத்தனை பேரும் தவறான இடத்துக்குப் போவார்கள். அவர் ஊர் கூட்டிச் சொல்லவில்லை. மென்பொருள் நிறுவனங்களை ரகசியமாகச் சேர்த்து, 2008 ஜூலை 8 அன்று எல்லோரும் ஒரே நாளில் திருத்தம் வெளியிடச் செய்தார். நிரந்தர மருந்தாக முன்வைக்கப்பட்டது டிஎன்எஸ்செக்: ஒவ்வொரு பதிலுக்கும் மின்கையொப்பம். 2010 ஜூலை 15 முதல் ரூட் மட்டத்திலும் கையொப்பம் வந்துவிட்டது. வழியில் யாரும் பதிலை மாற்றவில்லை என்பதை அது நிரூபிக்கும். அதன் மதிப்பு பெரிது. ஆனால் மாஸ்டர்கார்ட் பட்டியலில் கையொப்பம் போட்டிருந்தால், ‘என்இ’ என்ற பிழைக்கும் சேர்த்துத்தான் கையொப்பம் விழுந்திருக்கும். பதிவாளரின் கணக்குக்குள் நுழைந்தவர் பெயரின் வரிகளோடு கையொப்பத்துக்கான சாவிக் குறிப்பையும் மாற்றலாம், நீக்கலாம். கையொப்பம் எழுத்தின் உண்மைத்தன்மைக்குச் சாட்சி சொல்லும். எழுதப்பட்ட செய்தி இன்றைக்கும் பொருந்துமா என்று அதற்குத் தெரியாது.

உலாவியில் தெரியும் பூட்டுச் சின்னம் காப்பாற்றுமே என்பது அடுத்த மறுப்பு. காப்பாற்றியும் இருக்கிறது. 2018 ஏப்ரல் 24 அன்று மைஈதர்வாலட் என்ற கிரிப்டோ பணப்பைத் தளத்துக்கான கேள்விகளை, அமேசானின் நேம் சர்வர்களுக்குப் போகும் பாதையையே மடக்கி, இரண்டு மணி நேரம் திருடர்கள் வாங்கிக்கொண்டார்கள். அவர்களிடம் இருந்த சான்றிதழ் போலி; உலாவி எச்சரித்தது. எச்சரிக்கையைத் தாண்டிப் போனவர்களிடமிருந்து சுமார் ஒன்றரை லட்சம் டாலர் பறிபோனது. ஆனால் 2016 அக்டோபரில் பிரேசில் நாட்டு வங்கி ஒன்றின் 36 பெயர்களும் பல மணி நேரம் கைமாறியபோது எச்சரிக்கை எதுவும் வரவில்லை. திருடர்களிடம் முறையான சான்றிதழ் இருந்தது. இதில் வியப்பில்லை. இன்று பெரும்பாலான சான்றிதழ்கள், ‘இந்தப் பெயர் உன் கட்டுப்பாட்டில் இருக்கிறதா’ என்று டிஎன்எஸ் வழியே சோதித்துத்தான் வழங்கப்படுகின்றன. டிஎன்எஸ் யார் கையில் இருக்கிறதோ அவர் அந்தச் சோதனையில் தேறிவிடுவார். 2019 ஜனவரியில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமை ராணுவம் சாராத மத்திய அரசுத் துறைகளுக்குத் தன் முதல் அவசர ஆணையைப் பிறப்பித்ததும் இப்படிப்பட்ட திருட்டுகளைப் பார்த்துத்தான். ஆணையில் இருந்த வேலைகள் பார்க்க மிகச் சாதாரணமானவை: டிஎன்எஸ் பதிவுகளை எடுத்துச் சரிபாருங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள், இரண்டடுக்கு உறுதிப்பாடு போடுங்கள், உங்களுக்குத் தெரியாமல் சான்றிதழ் வாங்கப்பட்டிருக்கிறதா பாருங்கள்.

மனிதர் கை பட்டால்தானே பிழை, எல்லாவற்றையும் தானியங்கியாக்கிவிட்டால் என்ன? ஸ்வீடனின் புள்ளியைத் தவறவிட்டதும் ஒரு நிரல்தான் என்பதைச் சொல்லிவிட்டு, 2025 அக்டோபர் 20-க்கு வருகிறேன். அமேசான் கிளவுடின் வர்ஜீனியா மையத்தில் டைனமோடிபி என்ற தரவுச் சேவையின் டிஎன்எஸ் வரிகளை எழுத மூன்று தானியங்கிகள் இணையாக ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று மெதுவாக இருந்தது. அது தன் பழைய திட்டத்தைப் புதியதன் மேல் எழுதிவிட்டது. பழையதைத் துப்புரவு செய்ய வந்த இன்னொன்று, அந்தப் பழைய திட்டத்தை அழித்தது. மிஞ்சியது முகவரியே இல்லாத வெற்று வரி. உலகெங்கும் எண்ணற்ற செயலிகள் நின்றன. இங்கே அழிப்பதற்கு ஆள் இருந்தது. எதை அழிக்கிறோம் என்று மறுபடி ஒருமுறை கேட்கும் படி இல்லாமல் போனது.

வேண்டுமென்றே தவறான பதில் சொல்லும் வழக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இதில் அரசுகளும் நிறுவனங்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. 2003 செப்டம்பரில் டாட் காம், டாட் நெட் பதிவகமான வெரிசைன், இல்லாத பெயரை யார் தட்டினாலும் தன் சொந்தத் தேடல் பக்கத்துக்கு வரும்படி செய்தது. எதிர்ப்பு வலுத்து, இணையப் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பு கண்டித்தபின் அக்டோபர் தொடக்கத்தில் நிறுத்தியது. திருட்டுத் திரைப்படத் தளங்களை முடக்கச் சென்னை உயர் நீதிமன்றம் இணைய நிறுவனங்களுக்கு ஆணையிடும்போது, அதை நிறைவேற்றும் வழிகளில் ஒன்று டிஎன்எஸ்ஸில் வேறு பதில் சொல்வது. நோக்கம் சட்டபூர்வமானது. ஆனால் பதிலை மாற்றும் கருவி ஒன்றைக் கட்டிவிட்டால், அது எல்லைக்குள் நிற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 2010 மார்ச்சில், ஃபேஸ்புக் எங்கே, யூடியூப் எங்கே என்று சிலி நாட்டிலிருந்து கேட்டவர்களுக்குச் சீனத் தணிக்கையின் பொய்ப் பதில் போய்ச் சேர்ந்தது. கேள்வி பெய்ஜிங்கில் இருந்த ஒரு ரூட் சர்வர் வழியாகப் போனது ஒன்றே காரணம். 2014 ஜனவரி 21 அன்று சீனாவின் பயனர்களில் பெரும்பகுதியினர், அந்தத் தணிக்கையை மீறும் மென்பொருள் செய்யும் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் ஒற்றை எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். தணிக்கைக் கருவியே தவறிவிட்டது என்று வெளி ஆய்வாளர்கள் பலர் முடிவுக்கு வந்தார்கள். யார் செய்தாலும், செய்யக் கருவி தயாராக இருந்தது.

இந்தப் பின்னணியில் இந்திய ரிசர்வ் வங்கியின் முடிவு ஒன்றைப் பார்க்கலாம். நாட்டின் வங்கிகள் எல்லாம் ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் பெயருக்கு மாற வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் அறிவித்து, அக்டோபர் 31-ஐக் கெடுவாக வைத்தது. பெயர் கொடுக்கும் பொறுப்பு ஹைதராபாத்தின் ஐடிஆர்பிடி நிறுவனத்துக்கு மட்டும். நல்ல ஏற்பாடு, ஆனால் ஒரு பக்கத்தை மட்டுமே அடைக்கிறது. வங்கியைப் போலத் தோன்றும் பெயரை யாரும் அந்த வரிசையில் வாங்க முடியாது. பதிவாளர் ஒருவரே என்பதால் போலிக் கடிதத்துக்கும் திருட்டுக் கடவுச்சொல்லுக்கும் இடம் குறையும். ஆனால் வங்கிக்குள் எழுதப்படும் வரிகள் பழையபடி வங்கியின் கையில்தான். அதோடு, கெடு முடிந்ததும் பழைய பெயர்கள் மறைந்துவிடுவதில்லை. டாட் காம், டாட் கோ டாட் இன் என்று முடிந்த அந்தப் பெயர்கள் பாஸ்புக் அட்டைகளிலும், ஏடிஎம் சீட்டுகளிலும், வாடிக்கையாளரின் உலாவி நினைவிலும், கடைகளின் பணம் செலுத்தும் மென்பொருளிலும், கூட்டாளி நிறுவனங்கள் தினமும் அஞ்சல் அனுப்பும் முகவரிப் பட்டியலிலும் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொள்ள ஆண்டுக்குச் சில நூறு அல்லது சில ஆயிரம் ரூபாய் ஆகும். பெரிய வங்கிகள் கட்டிவிடும். இணையப் பணியை வெளி ஆளிடம் கொடுத்திருக்கும் சிறு நகரக் கூட்டுறவு வங்கியில், பயன்படுத்தாத பெயருக்கு ஏன் பணம் என்று ஒரு தணிக்கையாளர் 2030-லோ 2032-லோ கேட்பார். கேள்வி நியாயமானதாகவே தோன்றும். அந்தப் பெயரைப் புதுப்பிக்காமல் விட்டால், காத்திருப்புக் காலம் கழிந்து அது மீண்டும் விற்பனைக்கு வரும். அதை வாங்குகிறவருக்கு வங்கியின் பழைய அஞ்சல்களும் சேர்ந்தே வரும்.